‘ஏன் கத்தவில்லை?’ என்று கேட்பார்கள்: அலுவலக வண்டியில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு எங்கே போவது?

ஒரு அக்கா அனுப்பிய கேள்வி, சுருக்கமாக: “என் தங்கை எம்.எஸ்சி. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக ஒரு கம்பெனியில் இன்டர்ன். இரவு வேலை முடிந்து கம்பெனி வண்டியில் திரும்பும்போது, மற்றவர்கள் இறங்கிய பிறகு, டீம் லீடர் பலவந்தமாகக் கட்டிப்பிடித்து உடம்பில் கை வைத்திருக்கிறார். அவள் கத்தவில்லை, தள்ளிவிடவும் இல்லை. மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்று வாரம் கழித்து இப்போதுதான் என்னிடம் சொன்னாள். இதைத் தாக்குதல் என்று சொல்ல முடியுமா? கல்லூரிக்குப் போவதா, கம்பெனிக்கா, போலீஸுக்கா? அவள் சம்பளம்கூட வாங்காத இன்டர்ன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.”

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இது தாக்குதல்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 74ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு அவள் மீது கை வைப்பது குற்றம். குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. விருப்பமில்லாமல் தொடுவதும் அணைப்பதும் 75ஆம் பிரிவில் பாலியல் தொல்லையாகவும் வரும். வன்புணர்வு அளவுக்குப் போனால்தான் தாக்குதல், மற்றதெல்லாம் ‘சில்மிஷம்’ என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகைகளும் அந்தச் சொல்லை எழுதி எழுதியே நடந்ததைச் சின்னதாக்கிவிட்டன.

அவள் கத்தாததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்வியால்தான் பாதிப் பேர் புகார் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆபத்து வந்தால் உடம்பு எதிர்த்து நிற்கும் அல்லது ஓடும் என்று பள்ளியில் படித்திருப்போம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: உறைந்து போவது. கை கால் நகராது, குரல் வராது, என்ன நடக்கிறது என்று தெரியும், ஆனால் எதுவும் செய்ய முடியாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பாலியல் தாக்குதலுக்குப் பிறகு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஒரு சிறப்பு மருத்துவ மையத்துக்கு வந்த ஏறத்தாழ 300 பெண்களிடம் கேட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேர் தாக்குதல் நேரத்தில் கணிசமான அளவுக்கு உறைந்து போயிருந்தார்கள். உங்கள் தங்கைக்கு நடந்ததும் அதுதான். அவளிடம் இதைச் சொல்லுங்கள். “நான் ஏன் சும்மா இருந்தேன்” என்ற கேள்வியைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்னால் அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. வன்புணர்வை வரையறுக்கும் 63ஆம் பிரிவு, சம்மதம் என்றால் சொல்லாலோ செயலாலோ ஐயத்துக்கு இடமில்லாமல் வெளிப்பட வேண்டும் என்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டு வேலையிடச் சட்டத்திலும் அடிப்படைக் கேள்வி “அவளுக்கு அது விருப்பமா” என்பதுதான். கத்தினாளா என்பதல்ல.

மறுநாள் வேலைக்குப் போனதும் அப்படித்தான். ப்ராஜெக்ட் மதிப்பெண் அந்த ஆள் கையில். போகாவிட்டால் வீட்டில் காரணம் கேட்பார்கள். எதுவும் நடக்காதது மாதிரி ஒரு நாளை ஓட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனது நம்பப் பார்க்கும். நான் சில நிறுவனங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தவர்கள் அங்கே விதிவிலக்காகத் தெரியவில்லை. அதையே ஒரு சந்தேகமாகக் கிளப்பும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சரி, எங்கே போவது? மூன்று இடத்துக்கும் போகலாம். ஓரிடத்தில் புகார் கொடுத்தால் இன்னோரிடத்தில் கொடுக்க முடியாது என்பது தப்பான நம்பிக்கை. ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் கெடு வேறு. அதனால் எதை முதலில் செய்வது என்பதை அந்தக் கெடுவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கெடு மிகக் குறைவாக இருப்பது கம்பெனியின் உள்ளகக் குழுவுக்குத்தான். பலர் இன்னும் விசாகா கமிட்டி என்றே சொல்வார்கள். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான பிறகு தொடரப்பட்ட வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பிலிருந்து வந்த பெயர் அது. அந்த வழிகாட்டுதல்கள்தான் 2013இல் தனிச் சட்டமாகின. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடமாக இருந்தாலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்து பேருக்குக் குறைவான இடமென்றாலோ முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சம்பளம் வாங்காத இன்டர்ன் என்ற கவலையை விட்டுவிடுங்கள். ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பயிற்சியாளராக இருந்தாலும், அந்தச் சட்டத்தில் ஊழியர்தான். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் வேலையிடம்தான். சட்டத்தின் வரையறையிலேயே அது இருக்கிறது. “ஆபீசுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று ஹெச்ஆர் சொன்னால், தெரியாமல் சொல்கிறார் அல்லது தெரிந்தே சொல்கிறார்.

கெடு இதுதான்: சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு அதை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது பேராசிரியை ஒருவர் கொடுத்த புகார், கடைசிச் சம்பவத்திலிருந்து ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே, விஷயத்தை அது லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் கெடுவை அதனால் தளர்த்த முடியவில்லை. உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. பதற வேண்டாம், ஆனால் “செமஸ்டர் முடியட்டும், பார்க்கலாம்” என்று விட்டுவிடவும் வேண்டாம்.

போலீஸுக்கு இப்படி மூன்று மாதக் கெடு கிடையாது. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. 74ஆம் பிரிவு அதில் வரும். அதற்காகத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தமில்லை. சாட்சியும் கேமராப் பதிவும் கெடு பார்த்துக் காத்திருக்காது.

மூன்றாவது கல்லூரி. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், வளாகம் என்றால் கட்டடம் மட்டுமல்ல, இன்டர்ன்ஷிப், களப்பயணம், கல்விச் சுற்றுலா போகும் இடங்களும் அதில் சேரும் என்கின்றன. தொல்லை கொடுத்தவர் வெளியாளாக இருந்தாலும் மாணவிக்குத் துணை நிற்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அந்த ஆள் மீது கல்லூரியால் நடவடிக்கை எடுக்க முடியாது, நிஜம்தான். ஆனால் வேறு இடத்தில் ப்ராஜெக்ட் முடிக்க அனுமதிக்கலாம், வருகைப்பதிவைச் சரிசெய்யலாம், கம்பெனிக்கு முறைப்படி எழுதலாம். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் கல்லூரிக் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். துறைத்தலைவர், டீன் மாதிரி நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. “ஹெச்ஓடியிடம் சொன்னேன், பேசாமல் விடு என்றார்” என்பது புகார் கொடுத்த கணக்கில் வராது. குழுவிடம் எழுத்தில் போக வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவள் தயாரானதும், நடந்ததை எழுதச் சொல்லுங்கள். புகாராக இல்லாமல், தனக்காக. இன்று எழுதும் குறிப்பு மூன்று மாதம் கழித்துச் சொல்லும் கதையைவிட நம்பகமானது. வரிசையாக வராது, சில இடம் வெற்றாக இருக்கும். பயத்தில் பதிவாகும் நினைவு அப்படித்தான். வண்டியில் ஓடிய பாட்டு நினைவிருக்கும், எந்தச் சிக்னல் என்பது நினைவிருக்காது. இல்லாததை இட்டு நிரப்பாமல், நினைவில்லாததை “நினைவில்லை” என்றே எழுதட்டும். பிறகு புகாராக மாற்றும்போது, “அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்” என்ற மாதிரி வாக்கியங்களால் பயனில்லை. குழுவில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி இருந்தால் தெரியும்:

“வண்டி இரவு பதினொன்றரை மணியளவில் கிளம்பியது. நான் நடு இருக்கையில், ஜன்னலோரம். கடைசியாக இருந்த சக ஊழியர் இறங்கியதும் அவர் பின் இருக்கையிலிருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வலது கையால் என் தோளைப் பிடித்து இழுத்தார். எனக்கு அசைய முடியவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.”

யார், எங்கே, எந்தக் கை, அதற்குப் பிறகு என்ன, யார் பார்த்திருக்கலாம், அப்புறம் முதலில் யாரிடம் சொன்னாள் என்பது வரை இருக்கட்டும். அந்த முதல் ஆள் நீங்கள். உங்களிடம் சொன்ன தேதியையும் அவள் சொன்ன சொற்களையும் நீங்களும் தனியாக எழுதிவையுங்கள். நீங்களும் ஒரு சாட்சி.

மறுநாள் காலை அந்த ஆளிடமிருந்து ஏதாவது வாட்ஸப் வந்ததா என்று கேளுங்கள். இப்படிப்பட்டவர்கள் பலர் “நேத்து கொஞ்சம் ஓவராப் போயிட்டேன், மனசுல வெச்சுக்காத” என்று அனுப்பிவிட்டுப் பிறகு அழித்துவிடுவார்கள். அவள் அருவருப்பில் அழித்திருக்கலாம், அதற்காகத் திட்டாதீர்கள். இருந்தால், ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல் மெசேஜையும் அந்தப் போனையும் அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க அதற்கான சான்றிதழ் தேவை. போன் கையில் இருந்தால் அதில் வில்லங்கம் வராது.

குழுவுக்குக் கொடுக்கும் புகாரில் ஆதாரங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் சேர்த்து ஆறு பிரதிகள் வேண்டும் என்கிறது விதி. எதிர்த்தரப்புக்கு ஏழு வேலைநாளில் நகல் போகும், அவர் பத்து வேலைநாளில் பதில் தர வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், அறிக்கை வந்து 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டு தரப்புமே வக்கீலைக் கூட்டிவர முடியாது. குற்றவியல் கோர்ட்டைப் போல எள்ளளவும் சந்தேகம் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று குழுவுக்குப் பட்டால் போதும். யாரும் பார்க்காத இடத்தில் நடந்ததற்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

புகாரோடு சேர்த்து இடைக்கால நிவாரணமும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவரையோ அவளையோ வேறு இடத்துக்கு மாற்றலாம், மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். அவளுக்கு முக்கியமானது இன்னொன்று: அந்த ஆள் அவளுடைய வேலையை மதிப்பிடக் கூடாது என்று குழு சொல்ல முடியும். ப்ராஜெக்ட் மதிப்பெண் பயம் அங்கேயே பாதி தீரும்.

“சமரசமாகப் போய்விடலாமே” என்று யாராவது சொல்வார்கள். சமரசம் என்பது விசாரணைக்கு முன், புகார் கொடுத்தவளே கேட்டால் மட்டும். பணத்தை வைத்துச் சமரசம் செய்யச் சட்டமே தடை போட்டிருக்கிறது. உடல்ரீதியான தாக்குதலில் சமரசத்தை யோசிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. “பொய்ப் புகார் என்று வந்துவிட்டால் உன் மேலேயே நடவடிக்கை” என்ற மிரட்டலும் வரலாம். நிரூபிக்க முடியாமல் போனதை மட்டும் வைத்து அப்படிச் செய்ய முடியாது என்று அந்த நடவடிக்கைக்கான பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னதாகத் தனி விசாரணையில் தெரிய வேண்டும்.

போலீஸுக்குப் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், அருகில் உள்ள எந்த நிலையத்துக்கும் போகலாம். “எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குற்றங்களில் பெண் போலீஸ்தான் தகவலைப் பதிய வேண்டும். ஒரு எச்சரிக்கை: புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கையில் கொடுத்து, “விசாரிக்கிறோம், போங்க” என்பது வழக்கம். அது எஃப்ஐஆர் அல்ல. எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். கம்பெனிக்கும் இதில் கடமை உண்டு: அவள் போலீஸில் புகார் கொடுக்க நினைத்தால் உதவ வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. குழு விசாரணையின் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது வேலையிடச் சட்டம். ஆனாலும் கசியும், நான் பொய் சொல்ல விரும்பவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி தாக்கப்பட்ட வழக்கில் எஃப்ஐஆரே இணையத்தில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, மாணவிக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஜூன் மாதத்துக்குள் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் வந்தது. கசிந்ததும் நடந்தது, தண்டனையும் நடந்தது. இரண்டையும் அவளிடம் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நடந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால், முதலில் ஆஸ்பத்திரி. அரசு, தனியார் எதுவானாலும் வன்புணர்வுக்கு ஆளானவருக்கு உடனடி சிகிச்சை இலவசமாகத் தர வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தடை மாத்திரைக்கும் அப்படித்தான். முடிந்தால் குளிக்காமல், அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போகவும். குளித்துவிட்டிருந்தாலும் போகவும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் பரிசோதனை’ செய்தால் அது முறைகேடு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மறுக்கலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும், பள்ளி நிர்வாகம் உட்பட, தகவல் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.

தாக்கப்பட்டவர் ஆணாக இருந்தால் 2013 சட்டம் உதவாது, அது பெண்களுக்கானது. ஆனால் கல்லூரி விதிமுறைகள் ஆண் மாணவர்களையும் திருநங்கை, திருநம்பி மாணவர்களையும் கணக்கில் எடுத்திருக்கின்றன. பல கம்பெனிகளின் சொந்தக் கொள்கையும் பால் பார்க்காது. சட்டத்தில் இது ஓர் ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது.

இனி உங்களுக்கு. நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள், உடனே போய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கும். வேண்டாம். அவன் உஷாராகிவிடுவான், சாட்சிகளிடம் முதலில் பேசிவிடுவான். அப்பா அம்மாவிடம் சொல்வதா என்பதும் அவள் முடிவு. அவள் உங்களிடம் வந்தது நீங்கள் முந்திக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். தூக்கம் போய்விட்டதா, வண்டிச் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறாளா என்று கவனியுங்கள். மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். புகார் கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னாலும் இந்த உதவி அவளுக்கு உண்டு.

அவள் யோசித்து முடிவெடுக்கட்டும், ஆனால் ஒரு வேலையை மட்டும் அவள் சம்மதத்தோடு இந்த வாரமே முடித்துவிடுங்கள். வண்டியின் ஜிபிஎஸ் பதிவு, அன்றைய இரவு யார் யார் எங்கே இறங்கினார்கள் என்ற ட்ரிப் ஷீட், அலுவலக வாசல் கேமரா. கேமராப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் தானாகவே அழிந்து புதியது பதிவாகும். அந்தத் தேதியின் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி, அவளுடைய மெயிலிலிருந்து உள்ளகக் குழுத் தலைவருக்கு இரண்டு வரி போதும். குழுவில் யார் யார் என்ற பட்டியலை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மெயில் முகவரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ‘என்ன நடந்தது’ என்று அந்த மெயிலில் விளக்க வேண்டியதில்லை, “அன்றைய பயணம் தொடர்பாகப் புகார் அளிக்க வாய்ப்பிருப்பதால்” என்று மட்டும் எழுதினால் போதும். அனுப்பியதும் ஒரு நகலை அவளுடைய சொந்த மெயிலுக்கும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் முடிந்த அன்றைக்கே கம்பெனி மெயிலை மூடிவிடுவார்கள்.